கொட்டியாரக் குடாவுக்கு ஒரு கருவிப் பை

1659 நவம்பர் 19. மசூலிப்பட்டினத்துக்கு எதிரே நங்கூரமிட்டு நின்ற 'ஆன்' என்ற ஆங்கிலக் கம்பெனிக் கப்பலைப் புயல் பிடித்தது. பக்கத்தில் நின்ற கப்பல்கள் சில அழிந்தன. 'ஆன்' கப்பலின் ஆட்கள் தங்கள் நடுப் பாய்மரத்தைத் தாங்களே அடியோடு வெட்டிக் கடலில் தள்ளினார்கள். மரம் போயிற்று, கப்பல் பிழைத்தது. புது மரம் நாட்டும்வரை ஒதுங்கிக் கிடக்க அமைதியான துறை ஒன்று தேவைப்பட்டது. அதற்காக அவர்கள் வந்து சேர்ந்த இடம், திருகோணமலைத் துறைமுகத்துக்குத் தெற்கே விரிந்து கிடக்கும் கொட்டியாரக் குடா.

திருகோணமலைக்குப் போகிறவர்கள் சுவாமி மலையில் கோணேசரைக் கும்பிடுவார்கள், கன்னியாவின் வெந்நீர்க் கிணறுகளில் குளிப்பார்கள், நிலாவெளியில் கடல் பார்ப்பார்கள். நானும் அதையெல்லாம் செய்தேன். என்னை அந்த ஊருக்கு இழுத்தது வேறொன்று. பாய்க்கப்பல் காலத்தில் சோழமண்டலக் கரையில் ஐப்பசி, கார்த்திகைப் புயலுக்கு ஒதுங்க நல்ல துறை கிடையாது. சென்னையிலோ மசூலிப்பட்டினத்திலோ திறந்த கடலில்தான் நங்கூரமிட வேண்டியிருந்தது. ஆகவே உடைந்த கப்பல்களுக்குத் திருகோணமலை ஆஸ்பத்திரியாக இருந்தது. 1624இல் கோட்டை கட்டிய போர்த்துக்கீசரும், பிறகு வந்த ஒல்லாந்தரும், பிரெஞ்சுக்காரரும், 1795இல் பிடித்த ஆங்கிலேயரும் இந்தத் துறைக்கு அடித்துக்கொண்டதன் பெருங்காரணம் இதுதான். 1782 செப்டம்பரில் பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரான் இந்தக் கடலில் ஆங்கிலேயரோடு மோதினார். நடுப் பாய்மரத்தை இழந்த அவருடைய தலைமைக் கப்பலும் பழுதுபார்க்க இங்கேதான் திரும்பியது. பிரித்தானியக் கடற்படை 1957 வரை இங்கே தளம் வைத்திருந்தது.

பயணத்தில் எதிர்பாராமல் வரும் வேலைக்குக் கையில் என்ன கருவி இருக்க வேண்டும் என்பது எனக்கு நெடுநாளாகப் பிடித்தமான கேள்வி. அதைக் கேட்டுப் பார்க்க, பழுதுபார்ப்பதையே பிழைப்பாகக் கொண்ட ஒரு துறைமுகத்தைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தோன்றவில்லை.

கருவி வாங்கத் தொடங்கினால் ஆசைக்கு எல்லை கிடையாது. கடையில் ஒரே கைப்பிடிக்குள் இருபது கருவி மடங்கிக் கிடக்கும். அவற்றில் பாதி வீட்டு மேசை இழுப்பறையிலேயே காலம் கழிக்கும். நான் வேறொரு முறையைக் கடைப்பிடிக்கிறேன். போகிற ஊரைப் பற்றி மூன்று கேள்விகள் கேட்பேன். அங்கே எது சிக்குகிறது? எது துருப்பிடிக்கிறது? எது கழன்று விழுகிறது? இந்த மூன்றுக்கும் பதில் தெரிந்தால் பையில் என்ன வைப்பது என்பது தானே தெரிந்துவிடும்.

திருகோணமலைக்கு நான் வைத்தவை இவை. ஏழு சென்டிமீட்டர் அலகு உள்ள, திறந்தால் பூட்டிக்கொள்ளும் துருப்பிடிக்காத எஃகு மடக்குக் கத்தி. குறடு உள்ள பல்கருவி ஒன்று. சிறிய அட்ஜஸ்டபிள் ஸ்பேனர். முனை மாற்றும் திருப்புளி. கொஞ்சம் இரும்புக் கம்பி, நைலான் நூல், வலை ஊசி, கறுப்பு டேப், பிளாஸ்டிக் கட்டுப்பட்டைகள். நைலான் நுனியைச் சுட்டு ஒட்ட ஒரு லைட்டர். தலையில் மாட்டும் விளக்கு. விரல் நீளச் சாணைக்கல், சின்னக் குப்பியில் எண்ணெய். எல்லாம் சேர்த்து ஒரு மதிய உணவு டப்பா அளவு.

விமானத்தில் கத்தியைக் கைப்பையில் கொண்டுபோக முடியாது, லைட்டரை அனுப்புப் பெட்டியில் வைக்க முடியாது. கத்தி, குறடு, ஸ்பேனர் எல்லாம் அனுப்புப் பெட்டியில் போயின. லைட்டரையும் எண்ணெயையும் திருகோணமலை நகரத்தில் வாங்கினேன். ஹாட்வெயார் கடைகள் நிறைந்த ஊர் அது. படகுக் கயிறு, தூண்டில் முள், எஞ்சின் பிளக், வலை நூல் எல்லாம் ஒரே தெருவில் கிடைக்கும். புதிய ஊருக்குப் போனால் அங்குள்ள இரும்புக்கடையை முதலில் பாருங்கள் என்று எல்லோரிடமும் சொல்வேன். அந்த ஊரில் எது அடிக்கடி கெடுகிறது என்பதை வாசல் பக்கம் தொங்கும் சரக்கே காட்டிவிடும்.

நகரத்திலிருந்து மூதூருக்கு இப்போது வண்டியிலேயே போய்விடலாம். சீனக்குடாவைத் தாண்டி, 2009இல் திறந்த 396 மீட்டர் நீளக் கிண்ணியாப் பாலத்தில் ஏறினால் இரண்டு பக்கமும் கடல்நீர். முன்பெல்லாம் இந்த வழியில் பாதைப் படகில் வண்டியை ஏற்றி இறக்க வேண்டும். பாலத்துக்கு அப்பால் வயலும் உப்பாறுகளும் மாறி மாறி வரும். பிறகு மகாவலி. 335 கிலோமீட்டர் ஓடி வரும் இலங்கையின் மிக நீண்ட ஆறு, கொட்டியாரக் குடாவில்தான் கடலோடு சேர்கிறது. ஆறு கொண்டுவரும் மரத்துண்டும் கொடியும் பிளாஸ்டிக்கும் குடாவில் மிதக்கின்றன. முதல் கேள்விக்கான பதில் அந்த நீரிலேயே கிடந்தது.

மூதூர்க் கரையில் ஒரு பைபர் படகுக்காரரைப் பேசிக்கொண்டு குடாவுக்குள் போனேன். நடுவயது தாண்டியவர். ஊர் வழக்கப்படி அவரை நானா என்று கூப்பிட்டேன். பின்புறம் மாட்டிய சிறிய எஞ்சின். எஞ்சினுக்குப் பின்னால் ஒரு மெல்லிய நீர்த்தாரை பீய்ச்சிக்கொண்டே இருக்கும். எஞ்சினைக் குளிர்விக்கும் கடல்நீர் உள்ளே ஓடுகிறது என்பதற்கு அதுதான் அடையாளம். பேச்சுக்கு நடுவிலும் நானாவின் கண் அந்தத் தாரையை விட்டு விலகவில்லை. குடா நடுவில் தாரை மெலிந்தது, எஞ்சின் சத்தமும் கனத்தது. உடனே நிறுத்தினார். எஞ்சினோடு தன்னைப் பிணைத்திருந்த சிவப்புச் சுருள் கயிற்றைக் கழற்றிப் பக்கத்தில் வைத்துவிட்டுத்தான் எஞ்சினை மேலே சாய்த்தார். அந்தக் கயிறு கழன்றிருந்தால் தவறிக்கூட எஞ்சின் ஓடாது. விசிறியில் கை வைக்குமுன் அதைக் கழற்றுவது, கடலில் வேலை செய்கிறவர்கள் உயிரைக் கொடுத்துக் கற்ற பாடம்.

விசிறியைச் சுற்றி ஒரு முழப் பச்சைக் கயிறு. அதற்கும் உள்ளே, அச்சோடு ஒட்டித் தங்கூசி என்ற தூண்டில் நூல். பச்சைக் கயிறு பாலிப்ரொப்பிலீன். அது தண்ணீரைவிட லேசானது, அறுந்தால் மூழ்காமல் மேலேயே மிதந்து விசிறிக்காகக் காத்திருக்கும். நைலான் கயிறு அடியில் போய்விடும். மிதக்கும் கயிற்றைவிட ஆபத்தானது தங்கூசி. விசிறிக்குப் பின்னால் அச்சில் சுற்றிக்கொண்டால், அங்குள்ள ரப்பர் அடைப்பைக் கொஞ்சம் கொஞ்சமாக அறுக்கும். அடைப்பு போனால் கடல்நீர் பல்சக்கரப் பெட்டிக்குள் புகும், எண்ணெய் வெண்மையாகும், பிறகு எஞ்சினே போகும். கயிற்றை மட்டும் வெட்டிவிட்டுக் கரைக்கு ஓட்டிவிடலாம் என்று நினைக்கிறவருக்கு நட்டம் அடுத்த மாதம் வரும்.

நானாவிடம் ஒரு கத்தி இருந்தது. அலகின் நுனி மழுங்கியிருந்தது.

"முறிஞ்சு போச்சா நானா?"

"முறியல்ல தம்பி, நான்தான் தேச்சு எடுத்த. படகு ஆடக்குள்ள ஆரையும் குத்தாம இருக்கணுமே."

பாய்க்கப்பல் காலத்து மாலுமிக் கத்திகளும் இப்படித்தான் இருந்தன. அலகு நேராக ஓடி, நுனி வட்டமாக முடியும். ஆடும் தளத்தில் குத்தும் நுனி ஆபத்து, கயிறு அறுக்க அது தேவையும் இல்லை. கயிற்றின் புரிகளைப் பிரித்து முடிய ஒரு இரும்பு முள் மட்டும் கத்தியோடு சேர்ந்திருக்கும். அந்த மரபு எதையும் படிக்காமலே, அதே முடிவுக்கு மூதூர்ப் படகுக்காரரும் வந்திருந்தார். ஒரே வேலை ஒரே வடிவத்தை எங்கே இருந்தாலும் உண்டாக்கிவிடுகிறது.

பச்சைக் கயிற்றை அவர் கத்தி அறுத்தது. தங்கூசியை எடுக்க விசிறியைக் கழற்ற வேண்டும். விசிறியின் நட்டைப் பிடித்து நிற்பது ஒரு பிளவு ஆணி, அதன் கால்கள் உப்பில் இறுகிப் போயிருந்தன. நான் பல்கருவியின் குறட்டை நீட்டினேன். அவர் அதைக் கையில் வாங்கி, திறக்குமுன் ஒன்று சொன்னார்.

"முதல்ல அந்தப் பழைய சாரத்த விரிச்சுப் பிடிங்க தம்பி. கடலுக்க விழுந்தா எடுக்கேலா."

எஞ்சினுக்கு அடியில் சாரத்தை ஏந்திப் பிடித்தேன். குறட்டுக்கும் ஒரு நைலான் கயிறு கட்டி அதைத் தன் மணிக்கட்டில் மாட்டிக்கொண்டார். ஆணி வந்தது, ஸ்பேனரில் நட்டு வந்தது, வளையமும் விசிறியும் வந்தன. அச்சில் நரம்பு போல் இறுகிக் கிடந்த தங்கூசியை என் கத்தியின் நுனியால் நெம்பி வெட்டினோம். மழுங்கிய நுனி செய்ய முடியாத வேலை அது. இரண்டு கத்தியும் இருந்ததால் இரண்டு வேலையும் நடந்தது. நீர்த்தாரை வரும் துளையில் உப்பும் மணலும் அடைத்திருந்ததை ஒரு துண்டுக் கம்பியால் குத்திவிட்டார். பிளவு ஆணியின் ஒரு கால் கழற்றும்போது முறிந்திருந்தது. புது ஆணி அவருடைய சிகரெட் டின்னில் இருந்தது, பிளக் ஒன்றும் பிளக் ஸ்பேனரும் அதற்குப் பக்கத்தில். எஞ்சின் பிடித்தது. தாரை முன்போலப் பீய்ச்சியது.

அந்தச் சிகரெட் டின்னைப் பார்த்தபோது எனக்குப் பெரிய மரியாதை வந்தது. கடையில் விற்கும் எந்தக் கருவித் தொகுப்பிலும் அது இருக்காது. அந்த எஞ்சினுக்கு, அந்தக் குடாவுக்கு, அந்த மனிதர் அனுபவித்த கோளாறுகளுக்கு மட்டுமே பொருந்தும்படி சேர்க்கப்பட்டது அது.

பிரயாணியின் கருவிகளும் இப்படி ஏதோ ஒரு குறிப்பிட்ட தேவையிலிருந்துதான் பிறந்தன. 1891இல் சுவிட்சர்லாந்தின் கார்ல் எல்செனர் தன் நாட்டுப் படைக்குக் கத்தி கொடுத்தபோது, அதில் இருந்தவை அலகும், துளையிடும் முள்ளும், டின் திறப்பானும், திருப்புளியும். திருப்புளி வைத்ததற்குக் காரணம், சிப்பாயின் புதிய துப்பாக்கியைக் கழற்றிச் சுத்தம் செய்ய அது வேண்டியிருந்தது. அமெரிக்கரான டிம் லெதர்மேன் 1975இல் பழைய பியட் காரில் ஐரோப்பா சுற்றினார். கார் நின்றபோதும், மலிவு விடுதிகளில் குழாய் ஒழுகியபோதும், சட்டைப்பையில் இருந்த கத்தியில் குறடு இல்லையே என்று பட்டது. காகித அட்டையில் வெட்டி வடிவம் பார்க்கத் தொடங்கியவர், 1983இல்தான் குறட்டை மடக்கிய தன் கருவியைச் சந்தைக்குக் கொண்டுவந்தார். குடாவில் பிளவு ஆணியைப் பிடுங்கியது அந்த எண்ணத்தின் வழிவந்த ஒரு கருவிதான்.

நம்மிடமும் இதற்கு நெடிய முன்வரலாறு உண்டு. ஓலையில் எழுதிய காலத்தில் தமிழ்ப் புலவரும் கணக்கரும் இடுப்பில் செருகிப் போன மடக்கெழுத்தாணியை நினைத்துப் பாருங்கள். ஒரே கைப்பிடி. ஒரு பக்கம் எழுத்து கீறும் ஊசி, மறுபக்கம் ஓலை வாரும் கத்தி, இரண்டும் மடங்கிக் கைப்பிடிக்குள் அடங்கும். ஏட்டை நறுக்க, ஓரம் சீவ, துளையிட, எழுத, எல்லாவற்றுக்கும் அது ஒன்றே போதும். இலங்கைத் தமிழ் வீடுகளில் பனையோலை சீவும் சத்தகம் இன்றும் இருக்கிறது. விரல் நீளக் கத்தி, பாயும் பெட்டியும் கடகமும் பிறக்கும் கத்தி. கையடக்கக் கருவி வெளிநாட்டிலிருந்து வந்த ஆடம்பரம் என்று சிலர் எண்ணுவது எனக்கு வருத்தம் தரும். எழுத்தும் பின்னலும் கையடக்கக் கத்தியோடு வளர்ந்த சமூகம் நம்முடையது.

மூதூரில் வெள்ளைக்காரன் மரம் என்று ஓரிடத்தைக் காட்டுவார்கள். 'ஆன்' கப்பலின் தலைவர் 1660இல் பிடிபட்ட இடமென்று நினைவுக்கல் சொல்கிறது. அவருடைய பத்தொன்பது வயது மகனும் அப்போது பிடிபட்டார். தந்தை, மகன் இருவருக்கும் ராபர்ட் நாக்ஸ் என்றே பெயர். கண்டி மன்னன் இரண்டாம் இராஜசிங்கனின் ஆட்கள் அவர்களையும் கூட வந்தவர்களையும் மலைநாட்டுக்குக் கொண்டுபோனார்கள். தந்தை மறு ஆண்டு காய்ச்சலில் இறந்தார். மகன் ஏறக்குறைய இருபது ஆண்டு அங்கே வாழ்ந்தார். தொப்பி பின்னி விற்றார், ஊர் ஊராகச் சில்லறை வியாபாரம் செய்தார். புகையிலை, மிளகு, பூண்டு, சீப்பு, இரும்புச் சாமான் சுமந்து வடக்கே நடந்து நடந்து வழியைப் படித்தார்.

1679 செப்டம்பரில் தோழர் ஸ்டீபன் ரட்லண்டோடு தப்பிப் போனபோது என்ன எடுத்துக்கொண்டார் என்பதை, 1681இல் லண்டனில் வெளிவந்த தன் புத்தகத்தில் சொல்கிறார். ஆளுக்கொரு நீண்ட தடியில் கட்டிய சிறு கோடரி, இடுப்பில் நல்ல கத்தி. சமைக்க ஒரு பாத்திரம், தண்ணீருக்கு இரண்டு சுரைக்குடுவை. கூடாரமாக விரிக்க இரண்டு பெரிய தாளிப்பனை ஓலை. முள் குத்தாமல் காலில் கட்ட மான்தோல். தீமூட்டும் பெட்டி மட்டும் ஒன்றுக்கு மேல், ஒன்று பழுதானால் இன்னொன்று உதவ. பத்து நாளுக்கு உணவு.

இந்தப் பட்டியலை நான் பயணப் பைக்கான பாடமாகவே படிக்கிறேன். கோடரியைத் தடியில் கட்டியதால் ஊன்றுகோலும் ஆயுதமும் மரம் வெட்டும் கருவியும் ஒன்றாயின. ஓலை கூடாரமும் ஆயிற்று, மழைக்குக் குடையும் ஆயிற்று. அது அந்த நாட்டின் சொந்தப் பொருள், யாரும் சந்தேகிக்கமாட்டார்கள். எதை இழந்தால் எல்லாமே நிற்குமோ, அந்த நெருப்புக்கு மட்டும் மாற்று வைத்திருந்தார். அனுராதபுரம் வரை வியாபாரியாகப் போய், அங்கிருந்து அருவியாற்றங்கரைக் காட்டில் இறங்கி, அக்டோபரில் மன்னார்ப் பக்கம் அரிப்பு என்ற ஒல்லாந்தர் கோட்டையை அடைந்தார். அந்தப் பை பத்தொன்பது ஆண்டுப் பழக்கத்தில் கட்டியது. நாட்டை அறியாதவன் அதைக் கட்டியிருக்க முடியாது.

கரைக்குத் திரும்பியபோது ஒரு பெரியவர் மணலில் வலையை விரித்து, கால் பெருவிரலில் கண்ணியை மாட்டிப் பொத்திக்கொண்டிருந்தார். என் பையில் வலை ஊசி இருப்பதைப் பார்த்து உட்காரச் சொன்னார். கிழிசலின் இரண்டு ஓரத்தையும் இழுத்துக் கட்டினால் வலை சுருங்கும், மீன் அந்த மடிப்பைப் பார்த்து விலகும் என்றார். பிறகு கத்தியை எடுத்துக் கிழிசலை இன்னும் பெரிதாக்கினார்.

"வெட்டத் தெரியாதவனுக்குப் பொத்தத் தெரியாது தம்பி."

தொங்கும் துணுக்குகளையெல்லாம் வெட்டி, முடிச்சிலிருந்து மூன்று கால் நீளும் ஒரு கண்ணியில் தொடங்கி, அதே போன்ற மூன்று கால் கண்ணியில் முடிக்க வேண்டும். இடையில் உள்ள முடிச்சுகள் எல்லாம் இரண்டு காலோடு நிற்கும்படி சீவ வேண்டும். அப்படி ஓரத்தை ஒழுங்கு செய்தால் நூல் தானே வழியைக் காட்டும். அவர் கை வேகத்துக்கு என் கண் ஓடவில்லை. ஆனால் கத்தியின் வேலை பற்றி அன்று ஒரு தெளிவு கிடைத்தது. எந்தப் பழுதுபார்ப்பிலும் முதலில் வருவது வெட்டு. சிதைந்ததைச் சீவி நல்ல ஓரம் கண்டுபிடித்த பிறகுதான் ஊசியோ ஒட்டோ வேலை செய்யும். கிழிந்த பை, பிளந்த குழாய், உரிந்த மின்கம்பி, காலில் இறங்கிய முள், எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். மழுங்கிய கத்தி வைத்திருக்கிறவர் பழுதுபார்ப்பை முதல் படியிலேயே கெடுக்கிறார். ஆகவே சாணைக்கல்லைக் கத்தியின் ஒரு பகுதியாகவே நினைக்க வேண்டும்.

இரண்டாவது கேள்விக்கு, அதாவது துருவுக்கு, விடை தேட வேண்டியதே இல்லை. உப்புக் காற்று ஓரிரவில் எண்ணெயில்லாத இரும்பில் செம்மண் நிறம் ஏற்றிவிடும். துருப்பிடிக்காத எஃகில் குறைந்தது 10.5 சதவீதம் குரோமியம் இருக்கும். அது அலகின் மேல் கண்ணுக்குத் தெரியாத ஒரு மெல்லிய படலமாகிக் காக்கிறது. உப்பிலுள்ள குளோரைடு அந்தப் படலத்தையும் புள்ளி புள்ளியாகத் துளைக்கும். பல்கருவியில் துரு முதலில் பிடிப்பது அலகில் அல்ல, மடங்கும் மூட்டில். கடல்வேலை முடிந்ததும் நல்ல தண்ணீரில் திறந்து திறந்து கழுவி, துடைத்து, வெயிலில் காயவைத்து, மூட்டுக்கு ஒரு சொட்டு எண்ணெய் விட்டால் போதும். கடல் பார்த்த நாளெல்லாம் விடுதியில் இதைச் செய்துவிட்டுத்தான் சாப்பிடப் போனேன். காய்கறிக்கும் வயலுக்கும் பழைய கார்பன் எஃகுக் கத்தி நல்லது, சீக்கிரம் கூர் ஏறும். கடலுக்கு மட்டும் துருப்பிடிக்காத எஃகே என் தேர்வு.

மூதூரிலிருந்து சம்பூர் அதிகத் தொலைவில்லை. 2006 போரில் அந்த ஊர் மக்கள் முழுவதும் இடம்பெயர்ந்தார்கள். பல ஆண்டுகள் முகாம்களில் இருந்து, 2015க்குப் பிறகுதான் சொந்தக் காணிகளுக்குத் திரும்பத் தொடங்கினார்கள். அங்கே ஒரு வீட்டில் தண்ணீர் கேட்டுப் போனேன். கிணற்றுக் கப்பி ஒரு பக்கம் சாய்ந்து உராய்ந்தது. அச்சாணி தேய்ந்து கழலும் நிலை.

"அம்மா, இதைக் கொஞ்சம் பார்க்கட்டுமா?" என்று கேட்டேன்.

"பாருங்கோ தம்பி. மகன் வேலைக்குப் போட்டான், பின்னேரம்தான் வருவான்."

கப்பியைக் கழற்றி, வீட்டில் கிடந்த ஒரு பழைய போல்டை அச்சாகப் போட்டு, நட்டு கழலாமல் இருக்கக் கம்பியால் முறுக்கிக் கட்டினேன். மூட்டுக்கு எண்ணெய் விட்டேன். அம்மா தேத்தண்ணீர் கொண்டுவந்தார். திரும்பி வந்த நாளைப் பற்றிக் கேட்டபோது, வீட்டுக்குப் பின்னால் சார்த்தி வைத்திருந்த காட்டுக்கத்தியைக் காட்டினார். நீண்ட பிடி, வளைந்த அலகு. லொறி வில்லுத் தகட்டைக் கம்மாலையில் காய்ச்சி அடித்தது.

"காணி முழுக்கக் காடு தம்பி. எங்கட வளவு எதெண்டே தெரியேல்ல. முதல்ல இந்தக் கத்தியாலதான் வழி வெட்டினம். கிணத்தக் கண்டுபிடிச்ச பிறகுதான் இதுதான் எங்கட வீடெண்டு தெரிஞ்சது."

கருவிகளைப் பற்றி எவ்வளவு படித்தாலும் இப்படி ஒரு வாக்கியம் கிடைக்காது. ஒரு குடும்பத்துக்குத் தன் மண்ணைத் திரும்பத் தந்தது ஒரு கத்தி. மூன்றாவது கேள்வியை, எது கழன்று விழுகிறது என்பதை, நான் ஆணியையும் நட்டையும் நினைத்துத்தான் கேட்டு வந்தேன். சில ஊர்களில் மனிதர்களே தங்கள் இடத்திலிருந்து கழற்றப்பட்டிருக்கிறார்கள். அவர்களைத் திரும்பப் பொருத்தும் வேலையும் கத்தி, மண்வெட்டி, கயிறு என்றே தொடங்குகிறது.

இதனாலேயே இந்த மாவட்டத்தில் கத்தி கொண்டுபோகிறவர் பொறுப்போடு கொண்டுபோக வேண்டும் என்று அழுத்திச் சொல்கிறேன். நீண்ட போரையும் சோதனைச் சாவடிகளையும் கண்ட மக்கள் இவர்கள். கத்தி என்பது அவர்கள் நினைவில் வேறு அர்த்தமும் கொண்டது. இடுப்பில் தெரியும்படி மாட்டக் கூடாது, பையின் உள்ளே வைக்க வேண்டும். தேவை வந்தால் சொல்லிவிட்டு எடுக்க வேண்டும். மடக்கிக் கைமாற்ற வேண்டும். வேலை முடிந்ததும் உடனே உள்ளே போக வேண்டும். கோணேசர் கோயிலுக்குப் போகும் வழி பிரெட்ரிக் கோட்டைக்குள்தான் போகிறது, அங்கே இராணுவம் இருக்கிறது. கோயிலுக்குப் போகும் நாளில் கருவிப் பையை விடுதியிலேயே விட்டுவிட்டேன். சாமி கும்பிடப் போகும் இடத்துக்கு அது வேண்டாம். எந்த ஊரிலும் கத்தி பற்றிய சட்டத்தைப் போகுமுன் விசாரித்துக்கொள்வது பயணியின் கடமை. தற்காப்புக்கென்று கத்தி எடுத்துப் போகும் எண்ணத்தை அடியோடு விட்டுவிட வேண்டும். அந்த எண்ணத்தோடு எடுத்த கத்தி எந்த வேலைக்கும் உதவாது, ஆபத்தை மட்டுமே அழைக்கும்.

கருவியைவிடக் கை முக்கியம் என்பதையும் இந்தக் கரை எனக்கு உறுதிப்படுத்தியது. கட்டு முடிச்சு இரண்டு மூன்று தெரியாதவருக்கு நல்ல கயிறும் வெறும் கயிறுதான். நட்டை எந்தப் பக்கம் திருப்பினால் கழலும், உடலைவிட்டு விலக்கி எப்படி வெட்டுவது, சாணையில் அலகை எந்தச் சாய்வில் பிடிப்பது என்பவை வீட்டிலேயே கற்றுக்கொள்ளக் கூடியவை. நம் பிள்ளைகளுக்குக் கத்தியைக் காட்டாமல் மறைத்தே வளர்க்கிறோம். மூதூர்க் கரையில் பத்து வயதுப் பையன் தகப்பன் பக்கத்தில் உட்கார்ந்து தூண்டில் நூலை அளவாக வெட்டிக் கொடுக்கிறான், விரலில் ஒரு கீறலும் இல்லை. பக்கத்தில் நின்று கற்றுக்கொடுக்கப் பெரியவர் ஒருவர் இருக்கிறார், அவ்வளவுதான் வித்தியாசம்.

கிழக்குக் கரைக்குப் போகிறவர்களுக்கு என் பரிந்துரை இதுதான். பூட்டும் கத்தி ஒன்று, குறடு ஒன்று, கொஞ்சம் கம்பி, கொஞ்சம் நூல், ஒரு விளக்கு, எண்ணெய், சாணைக்கல். கடலில் இறங்கினால் எல்லாவற்றுக்கும் ஒரு கயிறு. இதற்கு மேல் வேண்டியதை அந்த ஊர்க்காரரின் சிகரெட் டின்னிலும் கம்மாலையிலும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். எங்காவது ஒன்று பழுதாகி நிற்பதைக் கண்டால், முதலில் அனுமதி கேளுங்கள், பிறகு கருவியை வீட்டுக்காரர் கையில் கொடுங்கள், அவர் வேண்டாம் என்றால் மட்டும் நீங்கள் செய்யுங்கள். பார்த்துவிட்டுப் போகிறவராக ஒரு ஊருக்குள் நுழைந்தவர், அந்த ஊரின் வேலையில் ஒரு பங்கு எடுத்துக்கொண்டு வெளியே வரலாம். அதற்கு இவ்வளவு சிறிய பை போதும்.